பதினொரு முறை அசைந்த கால்

கரப்பான் பூச்சிக்கு வலிக்காது என்று பல வருடங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லிவந்தவள் நான். மண்புழுவுக்கு வலிக்காது, நத்தைக்கு வலிக்காது, நண்டுக்கு வலிக்காது. முதுகெலும்பு இல்லாத எதற்குமே வலிக்காது என்பது அந்த நாளில் என் கட்சி. ஊசி குத்தினால் துடிக்கிறதே என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருந்தது: "அது வெறும் அனிச்சைச் செயல்." நாலே எழுத்துதான் அனிச்சை. ஆனால் அதைச் சொன்னதும் கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கும் அதற்குமேல் எதுவும் தெரியாது என்பதை அந்தச் சொல் நன்றாக மறைத்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி ஆவடிக்கு வந்தேன். கணவருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. தொழிற்சாலை கொடுத்த குவார்ட்டர்ஸில் வீடு. எங்கள் பிளாக்கில் நாலு வீட்டில் நாலு ஊர்த் தமிழ் கேட்கும். நான் விருதுநகர்ப் பக்கம். எம்.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்க மனமில்லாமல் அம்பத்தூரில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். காலையில் மின்சார ரயிலில் ஏறினால் அண்ணனூர், திருமுல்லைவாயில், அடுத்தது அம்பத்தூர். உட்கார இடம் கிடைப்பதற்குள் இறங்கிவிடலாம்.

பள்ளியில் விலங்கியல் ஆய்வகம் என்பது நீளமான ஓர் அறை, ஆறு மேசை, ஃபார்மலினில் மிதக்கும் ஒரு பாம்பு, ஒரு உதவியாளர். அந்த உதவியாளருக்கு ஐம்பது வயதிருக்கும். காட்டுப்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருவார். செய்முறை வகுப்புக்குக் கரப்பான் பூச்சி பிடித்துவருவது அவர் பொறுப்பு. பூந்தமல்லியில் அவருடைய மச்சினர் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் வேலை பார்த்தார். அடுப்புக்குப் பின்னால் வேண்டிய மட்டும் கிடைக்கும். அகல வாய்க் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, மூடியில் ஓட்டை போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார்.

"எல்லாம் உசுரோட கீது டீச்சர். ஒண்ணுக்குக்கூட மீசை ஒடியல. பச்சக் கொயந்தை மாரி புடிச்சுகினு வந்துகீறேன்" என்பார்.

மீசை ஒடிந்தால் பொதுத்தேர்வில் மதிப்பெண் குறையும் என்பதால்தான் அந்தத் தாய்ப்பாசம்.

பாட்டிலுக்குள் குளோரோஃபார்ம் நனைத்த பஞ்சைப் போட்டு மூடினால் பூச்சிகள் சாக வேண்டும். தலைமை ஆசிரியை வருடத்துக்கு ஒரு புட்டிதான் வாங்கித் தருவார். அதையும் உதவியாளர் பஞ்சில் சொட்டுச் சொட்டாக, கோவிலில் தீர்த்தம் தருவதுபோல விடுவார். அதனால் எங்கள் கரப்பான் பூச்சிகளில் பாதி செத்திருக்கும், மீதி யோசித்துக்கொண்டிருக்கும்.

ப்ளஸ் டூ பாடத்தை ப்ளஸ் ஒன்னிலேயே ஆரம்பித்துவிடுவது எங்கள் பள்ளியின் பெருமைகளில் ஒன்று. அப்படி ஒரு ப்ளஸ் ஒன் வகுப்பில், கடைசி மேசையிலிருந்து ஒரு மாணவி கையைத் தூக்கினாள். ஒல்லியான பெண். அதுவரை வருகைப்பதிவுக்கு "உள்ளேன் மிஸ்" சொன்னதைத் தவிர அவள் குரலைக் கேட்டதில்லை.

"மிஸ், இது இன்னும் சாகலை."

"பரவாயில்லை. அதுக்கு வலிக்காது. குத்து."

"எப்படி மிஸ் தெரியும்?"

மெழுகுத் தட்டின் அருகே போய் நின்று விளக்கினேன். நமக்கு இருப்பதுபோல மூளை அதற்குக் கிடையாது. உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன நரம்பு முடிச்சுகள். அந்தந்த இடத்து முடிச்சு அந்தந்தக் காலை ஆட்டுகிறது. தலையை வெட்டிவிட்டால்கூட ஒரு வாரம் உயிரோடிருக்கும். கடைசியில் பட்டினியாலும் தாகத்தாலும்தான் சாகும். அப்படிப்பட்ட ஒன்றுக்கு வலி எங்கே இருக்கும்?

அவள் பொறுமையாகக் கேட்டாள். "சரி மிஸ். தலை வெட்டினா வலிக்காது. தலை இருக்கும்போது?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "உட்காரு" என்றேன். விலங்கியலில் பதில் இல்லாத இடங்களுக்கு அது ஒரு நல்ல பதில்.

அடுத்த வாரம் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தும்போது அவளுடையது வந்தது. படம் சுமாராக இருந்தது. கீழே 'உற்றுநோக்கல்' என்ற தலைப்பில் மற்ற எல்லோரும் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட மூன்று வரிகளை எழுதியிருந்தார்கள். அவள் இப்படி எழுதியிருந்தாள்: "குண்டூசி குத்திய பிறகு இடது பின்னங்கால் பதினொரு முறை அசைந்தது. பன்னிரண்டாவது முறை அசையும் என்று காத்திருந்தேன். அசையவில்லை."

சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, "தேவையற்றது. கொடுத்ததை மட்டும் எழுதவும்" என்று ஓரத்தில் எழுதினேன். கோடு கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. பின்பக்கத்தில்கூடத் தெரிந்தது.

அப்போது நான் ஏழு மாதம். நாக்கு நண்டு கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனூர்ப் பக்கமிருந்து ஒரு மீன்காரம்மா குவார்ட்டர்ஸுக்கு வருவார். விடியற்காலையிலேயே கடற்கரைப் பக்கம் போய்ச் சரக்கெடுத்து வந்து, தலையில் அலுமினியத் தட்டோடு பிளாக் பிளாக்காக ஏறி இறங்குவார். அவரிடம் எட்டு நண்டு வாங்கினேன். எல்லாம் உயிரோடு இருந்தன. எங்கள் ஊரில் நண்டு சமைத்துப் பழக்கமில்லை. பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

ஏழு நண்டு உள்ளே போயிற்று. எட்டாவது, பாத்திரத்தின் விளிம்பை ஒரு காலால் பிடித்துக்கொண்டு ஆவியில் தொங்கியது. இடுக்கியால் தள்ளப் போனேன். சடக்கென்று அந்தக் காலைத் தானே கழற்றிவிட்டது. கால் விளிம்பிலேயே இருக்க, நண்டு மட்டும் தரையில் விழுந்து கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஓடியது. என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைப்பத்தோடு வந்தார்.

"கால விட்டுட்டு ஓடுது பாரு. வலிக்காதா அதுக்கு?"

"வலிக்காது. அதுவா கழட்டிவிடும். தற்காப்பு."

"வலிக்காட்டி எதுக்குத் தற்காப்பு?"

டாங்கிக்குப் போல்ட் முடுக்குகிறவர் கேட்கிற கேள்வி என்று நினைத்துக்கொண்டேன். குனிய முடியாததால் நண்டை அவர்தான் பிடித்தார். அன்று குழம்பில் நண்டு வேறு, கால்கள் வேறாகக் கிடந்தன. போட்டவுடன் எல்லா நண்டுகளும் கால்களை உதறியிருந்தன.

அடுத்த ஞாயிறு மீன்காரம்மாவிடம் குறை சொன்னேன். அவர் தட்டை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கொதிக்கிற தண்ணில உசுரோட போட்டியாம்மா? உதறாம இன்னா பண்ணும்? இங்க பாரு."

ஒரு நண்டைப் புரட்டினார். வயிற்றில் மூடிபோல மடிந்திருந்த ஓட்டுப் பகுதியை நகத்தால் தூக்கி, அதன் அடியில் கத்தி முனையை ஒரு குத்து. நண்டு அப்படியே அடங்கிவிட்டது. கால்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

"இப்புடிப் பண்ணா அதுக்கு வலிக்காதா?" என்று நான் கேட்டேன். நான்தான் கேட்டேன் என்பது இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

"வலியோ கிலியோ, எனுக்கு இன்னாத்துக்கு? காலு உதுந்துச்சுன்னா பாக்க நல்லா கீதா? நாளைக்கு எவ வாங்குவா?"

எனக்கு நிம்மதியாயிற்று. அறிவியலின் பக்கம்தான் அவரும் நிற்கிறார். அந்த உற்சாகத்தில் அவருக்கு ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன்: நண்டுக்கு மூளை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை, அதனால் வலி என்பது கிடையாது, எல்லாம் அனிச்சை.

அவர் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எனுக்குந்தான் மூள இல்லன்னு எங்க ஊட்டுக்காரரு டெய்லி சொல்லிகினு கீறாரு. அடிச்சா வலிக்குதே டீச்சரம்மா?"

சொல்லிவிட்டுத் தட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த பிளாக்குக்குப் போய்விட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிரசவத்துக்கு ஊருக்குப் போகவில்லை. அம்மா இங்கே வந்தார். அம்மாவுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு: "உன்னப் பெத்தப்ப பக்கத்து வீட்டுக்குக்கூடச் சத்தம் கேக்கல." இதை அவர் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லியிருக்கிறார். கத்துவது நம் வீட்டு வழக்கமில்லை, பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒன்பது மாதமும் எனக்குப் பாடம் நடந்தது. நான் நல்ல மாணவி. எந்தப் பாடத்திலும் இரண்டாவது வந்ததில்லை.

வலி விடியும்போதே ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு கட்டில், நடுவில் துணித் தடுப்பு. அடுத்த கட்டிலில் ஒரு பெண். அவள் கத்திய கத்தலில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. புருஷனைத் திட்டினாள், மாமியாரைத் திட்டினாள், கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தவனைக்கூட விடவில்லை. சிஸ்டர் அவள் பக்கத்திலேயே நின்றார். டாக்டர் இரண்டு முறை வந்து பார்த்தார். ஆயா அவள் இடுப்பைத் தேய்த்துவிட்டார்.

ஒரு முறை சிஸ்டர் தடுப்பை விலக்கி என்னை எட்டிப் பார்த்தார். "வலி இருக்காம்மா?"

"இருக்கு சிஸ்டர்" என்றேன். வருகைப்பதிவுக்குச் சொல்வதுபோலத்தான் வந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "உண்மையான வலின்னா இப்படித் தெளிவாப் பேச முடியாது. இன்னும் நேரம் இருக்கு" என்று தடுப்பை இழுத்துவிட்டார்.

அதன் பிறகு என்னைப் பார்க்கும் வேலை ஆயாவுடையது. அவர் மணிக்கொரு தரம் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் அறிக்கை கொடுப்பார். "இந்தம்மாவுக்கு இன்னும் வலியே எடுக்கல சிஸ்டர். சொம்மா மல்லாந்துகினு கீது. நவுரக்கூட இல்ல."

நகராமல் இருக்க நான் என்ன பாடுபட்டேன் என்பதை எப்படிச் சொல்ல? கட்டிலின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். புடவைத் தலைப்பை வாயில் திணித்திருந்தேன். வலது கால் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் தானாக உதறிக்கொண்டிருந்தது. போர்வைக்குள் இருந்ததால் அது அறிக்கையில் இடம் பெறவில்லை. மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, இப்போது கூப்பிடலாம், இந்த முறை கூப்பிட்டுவிடலாம் என்று நினைப்பேன். அதற்குள் அலை வந்து போய்விடும். வந்து போன பிறகு கத்துவது நியாயமில்லை என்று தோன்றும்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு ஆயா மறுபடி எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அலறினார். "சிஸ்டர்! தல தெரியுது! ஐயோ, ஓடியா சிஸ்டர்!"

சிஸ்டர் கையுறை போட்டு முடிப்பதற்குள் என் மகள் ஆயாவின் கையில் இருந்தாள். வந்தவுடன் வீல் என்று கத்தினாள். உடனே நாலு பேர் ஓடிவந்தார்கள். கத்தினால் ஆள் வரும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது.

சிஸ்டர் என்னைத் திட்டினார். "ஏம்மா, வலி வந்தா கத்த வேணாமா? வாய் எதுக்கு இருக்கு? குழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா யார் பதில் சொல்றது?" பிறகு என் சீட்டில் 'திடீர்ப் பிரசவம்' என்று எழுதினார். விடியற்காலையிலிருந்து நடந்துகொண்டிருந்த ஒன்று, பார்க்காதவர்களுக்குத் திடீர் என்றுதானே இருக்கும்?

அடுத்த கட்டில் பெண்ணுக்கு மறுநாள் காலையில்தான் பிறந்தது.

என் கணவர் வராந்தாவில் தயங்கி நின்று, "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆயா பதில் சொல்லிவிட்டார். "உங்க சம்சாரம் தங்கம் சார். வலியே இல்லாம பெத்துகினு போய்ச்சு." அவருக்கு முகம் மலர்ந்தது. குவார்ட்டர்ஸ் முழுக்க அதையே சொன்னார். அம்மாவும் மறுக்கவில்லை. தன் மகள் தன்னையே மிஞ்சிவிட்டாள் என்ற சந்தோஷம் அவருக்கு.

மூன்று மாத விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பினேன். பிரசவம் என்னை மாற்றிவிட்டது, கரப்பான் பூச்சியைக் கண்டதும் கண்ணீர் வந்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பாடத்திட்டம் அப்படியே இருந்தது, நானும் அப்படியே இருந்தேன். முதல் செய்முறை வகுப்பில் பஞ்சு, பாட்டில், மெழுகுத் தட்டு. முன் மேசையில் ஒருத்தி குண்டூசியைக் குத்தினாள். கால் உதறியது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை.

கடைசி மேசையில் அந்த ஒல்லிப் பெண் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மெல்ல அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

அன்று மாலை உதவியாளரிடம் குளோரோஃபார்மைக் கொஞ்சம் தாராளமாக விடச் சொன்னேன்.

"எச்.எம். அம்மா அளந்து குடுத்துகீறாங்க டீச்சர். இதுக்குமேல வுட்டா பரிச்சைக்கு இருக்காது. அதுக்குத்தான் வலிக்காதுன்னு நீங்களே சொல்லிகினு இருந்தீங்களே?"

அவர் சொன்னதில் தப்பில்லை. வேறு வழி யோசித்தேன். குளிரில் பூச்சிகள் மரத்துப்போகும் என்பது தெரியும். பள்ளியில் ஒரே ஒரு ஃபிரிட்ஜ் தலைமை ஆசிரியையின் அறையில் இருந்தது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்குக் குளிர்ந்த பானம் கொடுப்பதற்காக வாங்கியது. அந்த அறையைக் காலையில் திறப்பவர் எங்கள் உதவியாளர். அவரிடம் கெஞ்சிக் கேட்டதில், ஒரு நாள் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தபோது முப்பது பூச்சிகளும் கல்லாகக் கிடந்தன.

உதவியாளர் பாட்டிலை ஆட்டிப் பார்த்தார். "பாத்தீங்களா டீச்சர், ஐஸ்ல வச்சா வலியே இல்ல. நவுரக்கூட இல்ல."

இதே சொற்களை வேறு குரலில், துணித் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். ஐஸில் போவது வலியா, வலியைக் காட்டும் கால்களா? எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. அந்த வட்டாரத்தில் விலங்கியலில் எம்.எஸ்சி. படித்தவள் நான் ஒருத்திதான். எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள்.

பூச்சிகளைத் தட்டில் வைத்துக் குத்தினார்கள். கோடை தொடங்கிவிட்ட நேரம். தட்டில் ஊற்ற மேல்தொட்டியிலிருந்து வந்த தண்ணீர் வெந்நீராகவே இருந்தது. பத்து நிமிடத்தில் முப்பதும் விழித்துக்கொண்டன. குத்தாதவை ஓடின. மாணவிகள் ஸ்டூல்மேல் ஏறிக் கூச்சலிட்டார்கள். உதவியாளர் துடைப்பத்தோடு ஓடி ஓடி அடித்தார். அந்தக் களேபரத்தைப் பல வருடங்கள் வேடிக்கையாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். குத்தியவை ஓட முடியாமல் என்ன செய்தன என்பதை மட்டும் சொல்வதில்லை.

இரவு முழுவதும் ஐஸ் பெட்டியில் இருந்தால் திரும்ப எழுந்திருக்காது என்று பிறகு கண்டுபிடித்தோம். அடுத்த வருடம், அந்த ஒல்லிப் பெண்ணின் வகுப்பு ப்ளஸ் டூ பொதுத் தேர்வு எழுதியபோது, செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலமே பாட்டிலை வைத்துவிட்டோம். மறுநாள் காலை புறத்தேர்வாளருக்கு எலுமிச்சைச் சாறு போடுவதற்காக ஐஸ் எடுக்க, தலைமை ஆசிரியை தாமே ஃபிரிட்ஜைத் திறந்தார்.

அவர் கத்தியது அம்பத்தூர் ரயில் நிலையம் வரை கேட்டிருக்கும்.

தேர்வு தொடங்க அரை மணி இருக்கும்போது எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. பள்ளியின் சொத்தைத் தகாத முறையில் பயன்படுத்தியதற்கு உடனடி விளக்கம் தேவை. வெள்ளைத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். 'வலி' என்று எழுதினால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பார்கள். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு எழுதினேன்: "கால்களும் உணர்கொம்புகளும் சேதமடையாமல், மாதிரிகள் நல்ல தோற்றத்துடன் இருக்க வேண்டும் என்ற நோக்கத்தில் செய்யப்பட்டது." மீன்காரம்மா எழுதியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பார்.

புறத்தேர்வாளர் வயதானவர், கண்டிப்பானவர். தட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். "இவ்வளவு சுத்தமான மாதிரியை நான் எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை" என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னார். "எப்படிம்மா பண்ணீங்க?"

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். "எங்க ஃபிரிட்ஜ்ல வைக்கிறோம் சார்." குறிப்பாணை என்ன ஆயிற்று என்று பிறகு யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஆய்வகத்துக்கென்றே ஒரு பழைய ஃபிரிட்ஜ் வந்தது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளிலும் அதைக் கேள்விப்பட்டுச் செய்ய ஆரம்பித்தார்கள். மதிப்பெண் கூடுகிறதாம்.

அந்தத் தேர்வில் இன்னொன்றும் நடந்தது. ரெக்கார்டு நோட்டுகளைத் தேர்வாளரிடம் ஒப்படைக்கும் முன் நான் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட வேண்டும். ஒல்லிப் பெண்ணின் நோட்டில் என் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அதை அழிக்க வழியில்லை. யோசித்து, கோட்டின் ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

தேர்வாளர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "என்னம்மா இது? பதினொரு முறை, பன்னிரண்டாவது முறை... கணக்கு நோட்டா?"

"உற்றுநோக்கல் சார்."

"இதனால என்ன பயன்?"

"தெரியலை சார்."

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு, பக்கம் அலங்கோலமாக இருக்கிறது, அடித்தல் திருத்தல் அதிகம் என்று சொல்லி ஒரு மதிப்பெண் குறைத்தார். அந்த அடித்தலும் திருத்தலும் என்னுடையவை. மதிப்பெண் அவளுடையது.

மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் வந்தபோது வராந்தாவில் பார்த்தேன். ஒரு மதிப்பெண் போன கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "காலேஜ்ல விலங்கியல் எடுக்கிறியா?"

"இல்ல மிஸ். கணக்கு."

"ஏன்?"

"அதுல யாரையும் குத்த வேண்டியதில்லை மிஸ்."

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். வணக்கம் சொல்லிவிட்டு வாசலில் நின்ற அவள் அப்பாவோடு சைக்கிளில் போய்விட்டாள். பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு இரண்டாவது குழந்தை. இந்த முறை தெளிவாக இருந்தேன். அம்மா பக்கத்தில் இருந்தும் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன். புதிய சிஸ்டர், என் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டாவதுதானே? முதல் பிரசவம் வலியில்லாம ஆனதுன்னு வீட்டுக்காரர் சொன்னார். இப்ப எதுக்கு இந்த நடிப்பு?" பையன் பிறக்க ஏழு மணி நேரம் ஆயிற்று. ஏழு மணி நேரமும் கத்தினேன். ஒருத்தரும் நம்பவில்லை. ஆனால் கத்துவதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை அம்மாவிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இருக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்காத கதையை அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

சில வருடங்களில் நானே புறத்தேர்வாளர் ஆனேன். ஒரு முறை பூந்தமல்லியைத் தாண்டி ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். புதிய பள்ளி. ஃபிரிட்ஜ் எல்லாம் கிடையாது, குளோரோஃபார்ம் பஞ்சுதான். அங்கிருந்த விலங்கியல் ஆசிரியர் இளைஞர், பதற்றமானவர். எல்லாவற்றையும் சரியாக வைத்திருந்தார். மேசைக்கு மேசை தட்டு, தட்டுக்கு ஒரு பூச்சி, பக்கத்தில் வரிசையாகக் குண்டூசிகள். முதல் அணி மாணவர்கள் கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். "ஆரம்பிக்கலாம்" என்று நான் சொல்ல வேண்டும்.

முதல் மேசைத் தட்டில் கிடந்த பூச்சியின் உணர்கொம்பு ஒன்று காற்றில் எதையோ தேடுவதுபோல மெதுவாக வளைந்தது. பக்கத்துத் தட்டிலும் அப்படியே.

"இன்னும் கொஞ்ச நேரம் பஞ்சு வைக்கலாமே?" என்றேன்.

"மேடம், இன்னும் ரெண்டு அணி வெளியே நிக்குது" என்றார் அவர். "லேட்டாச்சுன்னா எங்க தாளாளர் என்னைத்தான் கேப்பார்."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வலி, மூளை, நரம்பு முடிச்சு என்று ஆரம்பித்தால் அந்த மனிதர் அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கும் அவரிடம் சொல்ல உறுதியாக எதுவும் இல்லை. கைப்பையை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"சார், காலையில கிளம்புன அவசரத்துல டீகூடக் குடிக்கலை. ஒரு டீ கிடைக்குமா? குடிச்சிட்டு ஆரம்பிச்சிடலாம். அதுவரைக்கும் பஞ்சைப் போட்டு எல்லாத்தையும் மூடி வைக்கச் சொல்லுங்க, காயாம இருக்கும்."

புறத்தேர்வாளர் டீ கேட்டால் எந்தத் தாளாளரும் மறுக்க மாட்டார். ஆசிரியர் தாமே வெளியே ஓடினார். மாணவர்கள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, பூச்சிகளின் அருகே பஞ்சை வைத்து, மேலே கண்ணாடிக் குவளைகளைக் கவிழ்த்தார்கள். டீ வந்தது. சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தார்கள், நாக்கில் ஒட்டியது. அதை ஊதி ஊதி, வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதையும் குடித்ததில்லை என்னும்படி குடித்தேன். கவிழ்த்த குவளைக்குள் உணர்கொம்பு வளைந்தது, நின்றது, மறுபடி வளைந்தது. தம்ளர் காலியாகிவிட்டது.

ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆரம்பிக்கலாமா மேடம்?"

"டீ ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றேன். "இன்னொன்னு சொல்ல முடியுமா?"